கடைசியாகச் சரிபார்த்தது 11.04

“என் பொண்டாட்டி எனக்கு ‘அன்புள்ள கணவருக்கு’ன்னு லெட்டர் எழுதமாட்டா மேடம். பதினாலு வருஷமா என்னைக் ‘கண்ணாடி’ன்னுதான் கூப்பிடுறா. கோபம் வந்தா அதுவும் கிடையாது, வெறும் ‘யோவ்’தான்.”

காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். இரவெல்லாம் தூங்காத கண்கள். சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாற்றிப் போட்டிருந்தார்.

வண்டியை ஓட்டிய ரேடியோ என்ற இளைஞன் பின்பார்வைக் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். வழக்கமாக இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அவன் வாய் சும்மா இருக்காது. வாய் ஓயாமல் பேசுவதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த அண்ணி ஒரு பார்வை பார்த்தார். ரேடியோ தானாகவே ஆஃப் ஆனது.

அண்ணி என்றால் அவனுடைய சொந்த அண்ணன் மனைவிதான். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் பொய் கிளெய்ம்களைத் துருவிப் பிடித்துவிட்டு, வேலையை உதறி, வீட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கொழுந்தனை உதவியாளனாக வைத்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: “வெளியில ஆள் வெச்சா சம்பளத்தோட மரியாதையும் குடுக்கணும்.”

விஷயம் இதுதான். கடைக்காரரின் மனைவி நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட். முந்தாநாள் மாலை அவர் ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். ஊரில் பாதிக்குத் தண்ணீர் கொடுக்கும் மூன்றாம் தொட்டியில் ஈயம் இருக்கிறது, அளவு ஆபத்தானது, உடனே மூட வேண்டும் என்று. நேற்று காலை வழக்கம்போல் பஸ் பிடித்து வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மாலை நாலு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தின் இயக்குநர் மாடி அறைக்குப் போனபோது, கெமிஸ்டின் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் திறந்திருந்ததாம்.

‘அன்புள்ள கணவருக்கும் இயக்குநருக்கும். மூன்றாம் தொட்டி பற்றிய என் அறிக்கை பொய். அளவுகளை நானே இட்டுக்கட்டினேன். யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை. போகிறேன். தேட வேண்டாம்.’

கடிதம் சேமிக்கப்பட்ட நேரம், நேற்று முற்பகல் 11.08. தண்ணீர் வாரியம் அதைப் படித்துவிட்டு, மூட இருந்த தொட்டியை மூடவில்லை. போலீஸும் அதைப் படித்துவிட்டு, வயது வந்தவர், தானாகப் போயிருக்கிறார், ரெண்டு நாள் பார்ப்போம் என்று கடைக்காரரை அனுப்பிவிட்டது.

“அவ அளவை மாத்தி எழுதுற ஆளா?” கடைக்காரர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். “வீட்டுல காப்பிக்குச் சர்க்கரை போடுறதுக்கே தராசு வெச்சிருக்கா மேடம்.”

“நீங்க வண்டியிலயே இருங்க,” என்றார் அண்ணி. “போன் வந்தா உடனே எடுங்க.”

மணி பத்தே முக்கால்.

*

வாசல் கேட்டில் இருந்த காவலாளி, வண்டி உள்ளே வரும்போதே டிக்கியைத் திறக்கச் சொன்னார். வெளியே போகும்போதும் திறக்க வேண்டுமாம். போன வருஷம் ஆசிட் பாட்டில்கள் திருட்டுப் போனதிலிருந்து இதுதான் சட்டம்.

“உள்ள ஒண்ணும் இல்லண்ணே, ஸ்டெப்னி கூட கிடையாது,” என்றான் ரேடியோ. “எங்க அண்ணி அவ்வளவு சிக்கனம்.”

காவலாளி சிரிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

இயக்குநர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, மென்மையான பேச்சு. “என் தங்கச்சி மாதிரிங்க அவங்க. என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க,” என்று கைகளைக் கூப்பினார். நேற்று காலை எட்டரையிலிருந்து மதியம் வரை நகர மன்றக் கூட்டத்தில் இருந்தாராம். நூறு பேர் சாட்சி. இரண்டரைக்குத்தான் திரும்பினாராம். “நான் இங்க இருந்திருந்தா பேசித் தடுத்திருப்பேன்,” என்றார்.

கெமிஸ்டின் அறை மாடியில் தனியாக இருந்தது. கூட வேலை செய்யும் இருவரும் நேற்று மாதிரித் தண்ணீர் எடுக்க வெளியூர் போயிருந்தார்கள். ஆகவே மாடியில் நேற்று அவர் மட்டும்தான். மேஜை மேல் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் தேதி. பக்கத்தில் மூடிய டிபன் பாக்ஸ்.

அண்ணி டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். காலி. கழுவித் துடைத்து வைத்திருந்தது. மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் ஒரு முரட்டு ஆள் நின்றிருந்தார். கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர். கையில் ஒரு நீல நிற இணைய ஒயர்.

“நேத்து சாயங்காலம் சார் காட்டினதும் மிஷினை ஆஃப் பண்ணி லைனைப் புடுங்கிட்டேன். பிரச்சினை வந்த மிஷினை நெட்டுல விடமாட்டேன்,” என்றார் எரிச்சலோடு. “இப்ப பாருங்க, எழுதுங்க, கிளம்புங்க. எனக்குக் கீழ வேலை கிடக்கு.”

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நீங்க பாத்துட்டு இருங்க. ஒரு லோடு அனுப்ப வேண்டியிருக்கு, வந்துடுறேன்,” என்று இறங்கிப் போனார்.

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெளியில எங்கயோ உக்காந்துகிட்டு ஒருத்தன் இந்த மிஷினுக்குள்ள நுழைஞ்சு அந்த லெட்டரை எழுதியிருக்க முடியுமா?”

சிஸ்டம்காரரின் முகம் சிவந்தது. “என் மிஷின்லயா? ஓட்டை இருந்தாத்தான் நுழைய முடியும். ஓட்டையை அடைக்கத்தான் கம்பெனிக்காரன் அப்டேட் அனுப்புறான். நான் எல்லா மிஷினுக்கும் ஒழுங்காப் போட்டுடுவேன்.”

“போட்டிருக்கீங்களான்னு பாத்துடலாமே.”

“நம்பிக்கை இல்லையா?”

“இருபது வருஷம் காப்பீட்டுல இருந்தேன் தம்பி. எங்க அம்மா சொன்னாக்கூட ரசீது கேப்பேன்.”

ரேடியோ மிஷினை ஆன் செய்தான். திரையில் நீலம் பரவியது. செட்டிங்ஸ் திறந்து, அப்டேட் பக்கத்துக்குப் போனான். மேலே பெரிய பச்சை டிக். ‘உங்கள் கணினியில் அண்மைய அப்டேட்கள் அனைத்தும் உள்ளன.’ பழைய பட்டியலைத் திறந்தான். பத்து நாளுக்கு முன் வந்தது, போன மாதம் வந்தது, அதற்கு முன் வந்தது. எல்லாவற்றுக்கும் நேராக ‘நிறுவப்பட்டது’ என்றிருந்தது. ஒன்று கூட விடுபடவில்லை.

“போச்சு,” என்றான் ரேடியோ. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்க வந்த பொண்ணு மாதிரி பளிச்சுனு இருக்கு. வெளியாள் கதை அவுட்டு.”

சிஸ்டம்காரர் மார்பை நிமிர்த்தினார். “சொன்னேன்ல? இன்னும் சந்தேகம்னா லைனைக் குத்துறேன், மறுபடி ஒருதடவை செக் பண்ணிக்கங்க.” நீல ஒயரோடு குனிந்தார்.

திரையில் ‘மீண்டும் சரிபார்’ என்று ஒரு பட்டன் இருந்தது. ரேடியோவின் விரல் மவுசில் இருந்தது. ஓர் அமுக்குதான் பாக்கி.

“தொடாதே!”

அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு கிறீச்சிட்டது. இன்னொரு கையால் சிஸ்டம்காரரின் ஒயரைப் பறித்தார். “ரெண்டு பேரும் ஒரு அடி பின்னால நில்லுங்க.”

ரேடியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி இப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை.

“அந்த டிக்குக்குக் கீழ சின்னதா ஒரு வரி இருக்கு. படி.”

கண்ணைச் சுருக்கிப் படித்தான். “கடைசியாகச் சரிபார்த்தது: நேற்று, முற்பகல் 11.04.”

“மறுபடி செக் பண்ணியிருந்தா இந்த நேரம் அழிஞ்சு, இன்னைக்கு நேரம் வந்திருக்கும். முதல்ல போட்டோ எடு.”

நாலு கோணத்தில் எடுத்தான். “எடுத்துட்டேன். ஆனா இதுல என்ன அண்ணி இருக்கு? பதினொண்ணு நாலுக்கு மிஷின் தானா செக் பண்ணியிருக்கு. பதினொண்ணு எட்டுக்கு அவங்க லெட்டர் எழுதியிருக்காங்க. பொருந்துதே.”

அண்ணி சிஸ்டம்காரரைப் பார்த்தார். அந்த முரட்டு மனிதர் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை பூத்திருந்தது.

“இது... இது இருக்கவே முடியாது,” என்றார்.

“ஏன் தம்பி?”

“நேத்து காலைல நெட்டே கிடையாதும்மா. தெருமுனையில குழி வெட்டினவங்க கேபிளை அறுத்துட்டாங்க. ஒன்பது நாப்பதுக்குப் போச்சு. மத்தியானம் ஒண்ணு அம்பத்தஞ்சுக்குத்தான் வந்துச்சு. காலைல முழுக்க போன்ல அவங்களோட சண்டை போட்டே தொண்டை போச்சு.” போனை எடுத்து நீட்டினார். புகார் பதிவான செய்தி 9.40. சரிசெய்யப்பட்ட செய்தி 1.55. “நெட் இல்லாம எங்க போய் செக் பண்ணும் இது?”



“வாசல்ல வரும்போதே அந்தப் புது மண்ணைப் பாத்தேன்,” என்றார் அண்ணி மெதுவாக. “குழியை மூடின மண்ணு இன்னும் காயல. கேபிள்காரன் வண்டியும் நின்னுது. ஆகக்கூடி என்ன ஆச்சு? இந்த மிஷின் நெட்டுல போய் செக் பண்ணிட்டு வந்தப்போ நிஜமான நேரம் ரெண்டு மணிக்கு மேல. ஆனா மிஷினோட கடிகாரம் பதினொண்ணு நாலுன்னு காட்டியிருக்கு. யாரோ கடிகாரத்தைப் பின்னால திருப்பி வெச்சு, லெட்டரை எழுதி, மறுபடி முன்னால திருப்பி வெச்சிருக்காங்க. லெட்டர் நேரத்தை ஏமாத்தினாங்க. மிஷின் நடுவுல தானா ஒரு வேலை பாத்து வெச்சது அவங்களுக்குத் தெரியல.”

ரேடியோ சட்டென்று சிஸ்டம்காரருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றான். “கடிகாரத்தை மாத்துற பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு பாஸ்?”

“என்கிட்ட...” என்றார் சிஸ்டம்காரர்.

“அண்ணி, அமுக்கிடவா?”

“உன் மூளைக்கும் கொஞ்சம் அப்டேட் போடணும்டா. காலைல முழுக்க நெட் இல்லன்னு தொண்டை கிழியக் கத்தின மனுஷன், நெட் இல்லாத நேரத்தையா தேடிப் பிடிச்சு கடிகாரத்துல வைப்பாரு? கேபிள் அறுந்தது இந்தக் கட்டடத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆள் யாரு? காலைல இங்க இல்லாத ஆள்.” அண்ணி திரும்பினார். “தம்பி, அந்தப் பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு?”

சிஸ்டம்காரர் குரலைத் தாழ்த்தினார். “சார்கிட்ட.”

நூறு பேர் சாட்சியோடு கூட்டத்தில் இருந்தவர். இரண்டரை மணிக்குத் திரும்பியவர். தங்கச்சி மாதிரி என்றாரே!

“அப்ப அவங்க பதினொரு மணிக்குப் போகவே இல்ல,” என்றான்.

“போகல. மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பாக்ஸைக் கழுவித் துடைச்சு வெச்சிருக்காங்க. ஓடிப்போறவ பாத்திரம் கழுவமாட்டா. ஆனா ஏன் பதினொண்ணு எட்டு? ஒன்பதுன்னு வெச்சிருக்கலாம், பத்துன்னு வெச்சிருக்கலாம். வா, அதைக் காவலாளிகிட்ட கேப்போம்.”

கீழே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. மணி பதினொன்று நாற்பது.

*

காவலாளியின் கூண்டில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. அண்ணி கேட்டதும் முதலில் முறைத்தார். கெமிஸ்டின் பெயரைச் சொன்னதும் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

‘11.00 முதல் 11.30. பின்பக்கம் கேஸ் சிலிண்டர் இறக்கியது. கேட்டில் ஆள் இல்லை.’

“இதை யார் யார் பாப்பாங்க?”

“சாயங்காலம் சார் கையெழுத்துப் போடுவாரு. நேத்து மட்டும் மூணரைக்கே வந்து வாங்கிப் பாத்தாரு.”

“பதினொன்றரைக்கு அப்புறம் நீங்க நகர்ந்தீங்களா?”

“நானா? ஆறு மணிக்கு ராத்திரி ஆளு வர்ற வரைக்கும் இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்கல. சாப்பாடும் இங்கதான். வேற கேட்டும் கிடையாது.”

“கெமிஸ்ட் அம்மா வெளிய போனாங்களா?”

“அந்த நேரத்துல போகலம்மா. நான் இல்லாத அரைமணி நேரத்துலதான் போயிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க.” அவர் குரல் தாழ்ந்தது. “என்னாலதான் போயிட்டாங்களோன்னு ராத்திரி பூரா தூங்கல.”

“சார் வண்டி?”

“அஞ்சு மணிக்குப் போச்சு. டிக்கியைப் பாத்துட்டுத்தான் விட்டேன். அதுக்கப்புறம் ராத்திரி எந்த வண்டியும் போகலைன்னு நோட்டுல இருக்கு. அவருக்குக் கோபம்தான். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்.”

அண்ணி ரேடியோவைப் பார்த்தார். அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. பதினொரு மணிக்குப் போகவில்லை. பதினொன்றரைக்கு மேல் போகவே முடியாது. கார் டிக்கியிலும் இல்லை. அப்படியானால், கெமிஸ்ட் இன்னும் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார். உயிரோடு, அல்லது—

“அந்த லாரி எதுக்கு?” அண்ணியின் குரல் கத்தி போல் வந்தது.

“பழைய கெமிக்கல் டிரம் ஏத்தணுமாம். மாசக் கடைசிலதான் வரும். என்னமோ இன்னைக்கே வரச் சொல்லிட்டாரு சார். அடித்தளத்துல இருந்து எடுக்கணும்.”

ரேடியோ அதற்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

*

அடித்தளத்தில் மோட்டார்களின் இரைச்சல் காதை அடைத்தது. மங்கிய பல்பு வெளிச்சத்தில் ஆளுயர நீல டிரம்கள். அவற்றின் மூடிகளைத் திறந்து வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு தனியாக நின்றிருந்தார் இயக்குநர். ரேடியோவைப் பார்த்ததும் புன்னகைக்க முயன்றார்.

“இங்கெல்லாம் வரக்கூடாது தம்பி. ஆசிட் இருக்கு.”

“பரவால்ல சார், எங்க அண்ணி சமையலே சாப்பிட்டிருக்கேன்.” கண்கள் சுற்றிலும் தேடின. டிரம்களுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு. “அது என்ன ரூம்?”

“பழைய மாதிரி பாட்டில் வைக்கிற இடம். சாவி தொலைஞ்சு வருஷமாச்சு.”

பின்னாலேயே வந்த அண்ணி கதவின் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். “வருஷமாத் திறக்காத பூட்டுல புது எண்ணெய். சாவியைக் குடுங்க சார்.”

“சொன்னேனே, தொலைஞ்சு...”

“தம்பி, மோட்டாரை நிறுத்துங்க!”

அவர்கள் பின்னாலேயே இறங்கி வந்து படியில் நின்ற சிஸ்டம்காரர் தாவிச் சென்று சுவிட்சை இறக்கினார். இரைச்சல் இறங்கி, இறங்கி, நின்றது. அந்த அமைதியில் நால்வரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

ரேடியோ கதவில் காதை வைத்தான். தன் இதயம் அடிப்பது மட்டும் கேட்டது. பிறகு, மிக மெல்லிய சத்தம். கண்ணாடியில் கண்ணாடி தட்டும் சத்தம். டிக். டிக். நின்றது. மறுபடி, டிக்.

“இருக்காங்க அண்ணி! உயிரோட இருக்காங்க!”

இயக்குநரின் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க வடிந்தது. “உயிரோடவா?” என்றார். அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. அடுத்த நொடி படியை நோக்கிப் பாய்ந்தார். சிஸ்டம்காரரை இடித்துத் தள்ளிவிட்டு மேலே ஓடினார்.

ரேடியோ துரத்தத் திரும்பினான். “விடுடா,” என்றார் அண்ணி. “முதல்ல கதவு.”

சிலிண்டர் திறக்கும் இரும்புக் கம்பி ஒன்று சுவரோரம் கிடந்தது. சிஸ்டம்காரரும் ரேடியோவும் சேர்ந்து நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் பூட்டு தெறித்தது.

கெமிஸ்ட் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் காய்ந்த ரத்தம். கையில் ஒரு மாதிரி பாட்டில். அதைத்தான் சுவரில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“கத்திக் கத்திப் பாத்தேன்,” என்றார். குரல் காற்றாக வந்தது. “மோட்டார் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அவர்... நேத்து மத்தியானம் பேசணும்னு இங்க கீழ கூப்பிட்டு, அறிக்கையை வாபஸ் வாங்கச் சொன்னார். மாட்டேன்னேன். மூணு வருஷமா அந்தத் தொட்டி சுத்தம்னு அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. பிடிச்சுத் தள்ளினாரு. மேஜை முனை பட்டுது. அப்புறம் ஞாபகம் இல்ல.”

செத்துவிட்டதாக நினைத்து இழுத்து வந்து பூட்டியிருக்கிறார். திறந்து கிடந்த டிரம்களை ரேடியோ பார்த்தான். இன்னும் இருபது நிமிஷம் மாடியில் மெனக்கெட்டிருந்தால்? அவற்றில் ஒன்றில் அவரை அடைத்து லாரி ஏற்றியிருப்பார்.

வாசலிலிருந்து கார் ஹாரன் விடாமல் அலறியது. இயக்குநரின் கார். கூடவே காவலாளியின் குரல், அடித்தளம்வரை கேட்கும்படி: “டிக்கியைத் திறக்காம கேட்டைத் திறக்கமாட்டேன் சார். இன்னைக்கு அவசரம்னா இன்னும் நல்லாவே பாப்பேன்.”

அண்ணி ஏற்கெனவே போனில் போலீஸோடு பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து ஆம்புலன்ஸையும் அழைத்தார். படிகளில் தடதடவென்று ஒரு சத்தம். சட்டைப் பொத்தான் மாறிப் போட்ட கடைக்காரர் வந்து நின்றார். மனைவியின் முன் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கெமிஸ்ட் அவரைப் பார்த்தார். “யோவ், அழாத.” பிறகு அண்ணியிடம் திரும்பினார். “மூணாம் தொட்டியை மூடிட்டாங்களா?”

“இன்னும் இல்லம்மா. அறிக்கை பொய்யின்னு உங்க பேர்ல ஒரு லெட்டர் எழுதி வெச்சு நிறுத்திட்டாரு,” என்றார் அண்ணி.

“போனைக் குடுங்க.”

“முதல்ல ஆஸ்பத்திரிக்கு...” என்று தொடங்கினார் கணவர்.

“குடுங்கன்னேன்.”

அண்ணி, அவர் சொல்லச் சொல்லத் தண்ணீர் வாரிய எஞ்சினியரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். மறுமுனையில் ஒரு சலிப்பான குரல். அவர் யாரென்று தெரிந்ததும் அந்தக் குரல் தடுமாறியது. “மேடம்? நீங்கதான் அறிக்கை பொய்யின்னு லெட்டர் போட்டீங்க. இப்ப தொட்டியை மூடுன்னா நான் எதை நம்புறது? பாதி ஊருக்குத் தண்ணி போகுது மேடம்.”

“அந்த லெட்டர் நான் எழுதினது இல்ல.” கெமிஸ்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “அறிக்கை நான் எழுதினது. மூணு தடவை அளந்தேன். ஒவ்வொரு அளவையும் இப்பவே ஒப்பிக்கிறேன், எழுதிக்கங்க. ஆனா அதுக்கு முன்னால வால்வை மூடச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம். யாரையோ கூப்பிடும் சத்தம். ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம். அடித்தளத்தில் ஐந்து பேர் ஒரு சின்னக் கருவியைச் சுற்றி அசையாமல் நின்றார்கள்.

“மூடியாச்சு மேடம்,” என்றது குரல். “இப்ப சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

கெமிஸ்ட் முதல் அளவைச் சொல்லத் தொடங்கினார்.